டேப் அக்காவின் முப்பத்திரண்டு நாற்காலிகள்

பதினேழாம் நம்பர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து, பதினெட்டில் உட்காருகிறார் டேப் அக்கா. இடது கண்ணை மூடிப் பார்க்கிறார். வலது கண்ணை மூடிப் பார்க்கிறார். திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டு பத்தொன்பதுக்கு நகர்கிறார். மொட்டைமாடியில் நாலு வரிசையாக முப்பத்திரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். காற்று தூக்கிக்கொண்டு போய்விடாமல் எல்லாவற்றையும் நைலான் கயிற்றில் கோத்து வைத்திருக்கிறார். அத்தனையும் ஒரே திசையைப் பார்க்கின்றன. அங்கே, மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில், புதிய ராக்கெட் தளத்தின் கோபுரம் நிற்கிறது. எல்லா நாற்காலியிலிருந்தும் அது தெரிகிறது என்று உறுதியான பிறகுதான் அக்காவுக்குக் காலைக் காப்பி இறங்கும். கோபுரமும் நகரவில்லை, நாற்காலியும் நகரவில்லை, தினம் எதற்கு இந்தப் பரீட்சை என்று கேட்டால், "நேத்து தெரிஞ்சா இன்னிக்கும் தெரியணும்னு சட்டமா?" என்பார்.

அக்கா இருபத்தாறு வருஷம் தையல்காரர். கடையை மூடி லாட்ஜ் ஆக்கிவிட்டார், கழுத்திலிருந்த அளவு டேப்பை மட்டும் இறக்கவில்லை. பேசும்போது அதன் நுனியைச் சுருட்டுவார், விரிப்பார். எதிரில் நிற்பவரின் தோள் அகலத்தைக் கண்ணாலேயே எடுத்துவிடுவார். வந்தவருக்கு அறை கொடுக்கும் முன் ஏற இறங்கப் பார்ப்பது மரியாதைக் குறைவு அல்ல, கட்டிலுக்குள் அடங்குவாரா என்று கணக்குப் போடுகிறார், அவ்வளவுதான்.

தளம் வரப்போகிறது என்றதும் ஊரே கொஞ்சம் கிறுக்குப் பிடித்து ஆடியது உண்மை. அதிகாரிகள் கூட்டம் போட்டு, வேலை வரும், வியாபாரம் பெருகும், வெளியூர்க்காரர்கள் வந்து குவிவார்கள் என்றார்கள். முடிவெட்டுபவர் கடைக்கு ராக்கெட் சலூன் என்று பெயர் மாற்றினார். நோட்டுப் புத்தகக் கடைக்காரர் பைனாகுலர் வாங்கி அடுக்கினார். அக்காவின் வீடோ கடைசித் தெருவில் கடைசி வீடு. ஊர்க்கோடியில் கொண்டுவந்து தள்ளிவிட்டார்கள் என்று கல்யாணமான நாளிலிருந்து புலம்பிக்கொண்டிருந்தவர், ஒரே நாளில் கட்சி மாறினார். "கோடியாவது ஒண்ணாவது! ஊர்லயே முதல் வரிசை நம்ம வீடுதான்," என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னார். தையல் மெஷின்கள் போயின. மாடியில் ஆறு அறைகள் எழுந்தன. திரைச்சீலை தைக்க ஒரு மெஷின் மட்டும் மிச்சம்.

இதில் தண்ணீர்த் தொட்டி விவகாரம்தான் ஊரில் இன்றுவரை பேச்சு. பதினேழாம் நாற்காலியிலிருந்து பார்த்தால் மாடித் தொட்டி கோபுரத்தைப் பாதி மறைத்தது. நாற்காலியை ஒரு முழம் தள்ளிப் போட்டால் தீர்ந்தது. அக்கா தொட்டியைத் தள்ளி வைத்தார். குழாயெல்லாம் பிடுங்கி மறுபடி பொருத்த வேண்டியிருந்த பிளம்பர் தலையில் அடித்துக்கொண்டார். அந்த வேலை நடந்த அன்றுதான் தளத்தின் பாதுகாப்பு அதிகாரி ஊர்க்காரர்களைக் கூட்டி ஏதோ விளக்கினார். தொட்டியை விட்டு அக்காவால் நகர முடியுமா? போகவில்லை.

அக்காவின் வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். ஆளே இறங்காத ஸ்டாப்பில் லாட்ஜ் எதற்கு என்பது அவர் கட்சி. ராக்கெட் நாலு தடவை தள்ளிப்போனதும் அந்தக் கட்சி பலமாகிவிட்டது. தளத்தில் சிமெண்ட் காண்டிராக்டர் ஒருவர் இருக்கிறார். ஆறு அறையையும் கொடுத்தால் மூட்டை அடுக்கிக்கொள்கிறேன் என்று வாரம் தவறாமல் வந்து கேட்பார். கண்டக்டர், கொடுத்துத் தொலைக்கலாமே என்பார். தன் கையால் தைத்த திரைச்சீலைக்குப் பின்னால் சிமெண்ட் மூட்டையா என்று அக்காவுக்கு வயிறு எரியும். கடைசியில், முதல் ராக்கெட்டுக்கு லாட்ஜ் நிரம்பாவிட்டால் சாவியைக் கொடுத்துவிடுவதாக அக்காவே வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

நிரம்பியது! ஐந்தாவது தடவையாகத் தேதி அறிவித்த வாரமே ஆறு அறையும் போயிற்று, முப்பத்திரண்டு நாற்காலியும் போயிற்று. அக்கா தரையில் நடக்கவில்லை. அந்த நேரம் பார்த்து வாசலில் ஜீப் நின்றது. பாதுகாப்பு அதிகாரி இறங்கி, ஒரு வரைபடத்தை விரித்தார். கோபுரத்தைச் சுற்றி மூன்று கிலோமீட்டருக்கு ஒரு சிவப்பு வட்டம். ராக்கெட் கிளம்பும் காலையில் வட்டத்துக்குள் ஈ காக்கை இருக்கக் கூடாது. ஊரிலேயே அந்த வட்டத்துக்குள் இருந்தது ஒரே ஒரு வீடுதான்.

அக்கா வரைபடத்தை நம்பவில்லை. வெளிச்சாலையில் எல்லைக்கு நட்டிருந்த சிவப்புக் கல்லிலிருந்து தன் வாசல்வரை டேப்பைப் போட்டு அளந்தார். மறுமுனையைப் பிடிக்கக் கண்டக்டரை இழுத்துக்கொண்டு போனார். குனிந்து நிமிர்ந்து அவருக்கு இடுப்பு கழன்றது. வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். நாற்பத்தொரு டேப். அந்த நாற்பத்தொரு டேப்பை எடுத்துக்கொண்டு அதிகாரியின் அலுவலகத்துக்கே போய்விட்டார் அக்கா.

"சார், ஒரு துணியை வெட்டினா மடிச்சுத் தைக்க ஓரத்துல ரெண்டு விரல் விடுவோம். நீங்க இவ்ளோ பெரிய வட்டம் போட்டிருக்கீங்க, கொஞ்சம் விட்டுப் பிடிக்கக் கூடாதா?"

அதிகாரி நல்ல மனிதர். கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னார்.

"விட்டிருக்கோம்மா. அப்படி விட்ட ஓரத்துலதான் உங்க வீடு இருக்கு."

தையல்காரிக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? வீட்டுக்கு வந்து, மாடியில் பதினேழாம் நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். காண்டிராக்டரின் முகம் கண்ணில் வந்து நின்றது. கண்டக்டர் மேலே வந்தவர், தன் கட்சி ஜெயித்த செய்தியைச் சொல்லவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் பழுதானால் பாசஞ்சரை இறக்கி அடுத்த ஸ்டாப்புக்கு நடத்திக்கொண்டு போவதில்லையா என்று பொதுவாகச் சொல்லிவைத்தார்.

அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு, நாற்காலிகளைக் கோத்திருந்த கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

ராக்கெட் கிளம்பும் நாள் காலையில் ஊர் கண்ட ஊர்வலத்தைச் சொல்லி மாளாது. விருந்தாளிகளுக்குக் காப்பி கொடுத்து, ஆளுக்கொரு நாற்காலியையும் கையில் கொடுத்துவிட்டார் அக்கா. கோட்டுப் போட்ட ஒரு பெரிய மனிதர் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தார். கண்டக்டர் சிவப்புக் கல்லருகே நின்று, உள்ளே யாரும் தங்கிவிடவில்லையே என்று தலை எண்ணி, விசில் கொடுத்து அனுப்பினார். ஒன்பது பேர் இந்தக் கூத்துக்கு ஒப்பாமல் முந்தின நாளே வரவில்லை என்று சொல்லிவிட்டிருந்தார்கள். அந்த ஒன்பது நாற்காலியில் எட்டில் உள்ளூர்க்காரர்கள் இடம் பிடித்தார்கள், கேட்காமலேயே.

கல்லுக்கு அந்தப் பக்கத்து மைதானத்தில் நாற்காலி போட்டுப் பார்த்தால் இன்னொரு வம்பு. கோபுரத்துக்கு நேர் குறுக்கே நிற்கிறது ஒரு வீடு. இரண்டு மாடி, மேலே தள்ளி வைத்த தொட்டி. தொட்டியை நகர்த்தியவரால் வீட்டை நகர்த்த முடியுமா? வரிசையை வளைத்து வளைத்துப் போட்டு எல்லோருக்கும் கோபுரம் தெரியும்படி செய்துவிட்டார். ஒரே ஒரு நாற்காலிக்கு மட்டும் வழியில்லை. அதில் தானே உட்கார்ந்துகொண்டார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவர் வீட்டு மாடிச் சுவர்தான்.

கிளம்ப நாலு நிமிஷம் இருக்கும்போது ஒலிபெருக்கி, ஹோல்டு என்றது. கூட்டம் உச்சுக்கொட்டியது. மைதானத்து ஓரத்தில் நின்றிருந்த காண்டிராக்டர் மெதுவாகச் சாவி விஷயத்தைக் கண்டக்டரிடம் எடுத்தார். "ஹோல்டுதான். கேன்சல் இல்லை," என்றார் அக்கா, திரும்பிப் பார்க்காமல். அவர் கை டேப்பைச் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தது.

இருபது நிமிஷம் கழித்து, அக்காவின் மாடிச் சுவருக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் எழுந்தது. பிறகு மாடிக்கு மேலே, தொட்டி முன்பு நின்ற இடத்துக்கு நேராக, ராக்கெட் கிளம்பி ஏறியது. சத்தம் பிறகுதான் வந்தது. நாற்காலிக் கால்கள் தடதடவென்று நடுங்கின. கோட்டுக்காரர் வாயைப் பிளந்து நின்றார். காண்டிராக்டர் சாவியை மறந்து அண்ணாந்து பார்த்தார். அடுத்தது எப்போது, இதே இடம் கிடைக்குமா என்று யாரோ அதற்குள் கேட்க ஆரம்பித்திருந்தார்கள்.

எல்லோருடைய முகமும் வானத்தைப் பார்த்திருக்க, அக்கா எழுந்து கழுத்திலிருந்து டேப்பை உருவினார். மைதானத்தின் மிச்சத்தை ஒரு பார்வை பார்த்து, ஒரு முனையைக் கண்டக்டர் பக்கம் நீட்டினார். அவர் வானத்திலிருந்து கண்ணை எடுக்காமலேயே அதை வாங்கிப் பிடித்துக்கொண்டு, முணுமுணுக்காமல், பின்னோக்கி நடந்தார்.