பிறிட்ஜின் முதுகில் ஊதிய புகைக்குழாய்

மண்ணெண்ணெய் தட்டுப்பாடில்லாமல் கிடைத்த எண்பதுகளின் நடுவில், அனலைதீவில் எங்கள் வீட்டுக்கு மண்ணெண்ணெயில் ஓடும் பிறிட்ஜ் ஒன்று வந்து இறங்கியது. மின்சாரமே இல்லாத ஊரில் குளிர்ந்த சோடா! அப்பாவுக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. தெருவால் போகிறவர்களின் கண்ணில் படவேண்டும் என்று அதை விறாந்தை மூலையில் வைத்தார்.

குசினிப் புகைக்குழாயும் அந்த மூலைச் சுவரால்தான் வெளியே வந்தது. பிஸ்கற் தகரத்தை வளைத்து அப்பாவே செய்த குழாய் என்பதால் அதைப் பற்றி யாரும் வாய் திறக்க முடியாது. பிறிட்ஜ் தன் சூட்டைப் பின்பக்கத்தால் வெளியே விடவேண்டும். எங்கள் அடுப்போ அதன் முதுகிலேயே ஊதிக்கொண்டிருந்தது. விடியற்காலையில் சில்லென்றிருக்கும் சோடா, சோறு வேகும் நேரத்தில் வெதுவெதுப்பாகிவிடும்.

"நான் அடுப்பு மூட்டினால் உது சூடாகுது. கொஞ்சம் தள்ளி வையுங்கோவன்," என்றார் அம்மா.

"உமக்கு மெசினைப் பற்றி என்ன தெரியும்?" என்று அப்பா பிறிட்ஜின் திரியைக் கத்தரித்தார்.

அப்போதுதான் அக்காவைப் பெண் பார்க்க, அடுத்த தீவிலுள்ள சுருவிலிலிருந்து வருவதாகச் செய்தி வந்தது. கோயில் திருவிழாவில் கண்ட நாளிலிருந்தே அக்காவுக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டது. அது எனக்கு மட்டும் தெரியும். இது குழம்பிப்போகக் கூடாதே என்று நான் பயந்துகொண்டிருக்க, குளிர்ந்த சோடா தருவோம் என்று அப்பா தரகரிடம் சொல்லி அனுப்பிவிட்டார்.

அவர்கள் வரும் அன்று அம்மா எல்லா அடுப்பையும் மூட்டிச் சமைத்தார். அப்பா போத்தலைத் தொட்டுப் பார்த்தார், முகம் தொங்கிப்போயிற்று. பிறிட்ஜுக்குப் பின்னால் கையை விட்டவர் சூடுபட்டு இழுத்துக்கொண்டார். அப்போதாவது அதைத் தள்ளி வைத்திருக்கலாம். ஆனால் அது அம்மா சொன்ன வழியாயிற்றே! ஒரு சாக்கை நனைத்துக் குழாயின் வாயில் திணித்தார்.

புகை முழுவதும் குசினிக்குத் திரும்பியது. அதே நேரம் வாசல் படலையில் விருந்தாளிகள். கண் சிவந்து, தாரைதாரையாக நீர் வடிய, குசினிக்குள்ளிருந்து வந்த அக்கா சோடாத் தட்டோடு அவர்கள் முன்னால் போய் நின்றாள்.

மாப்பிள்ளையின் தாய் எழும்பிவிட்டார். "பிள்ளை ஏன் அழுகுது? விருப்பமில்லாட்டிச் சொல்லுங்கோ, நாங்கள் இப்பவே வள்ளத்துக்குப் போறம்."

எனக்கு வந்த கோபத்தில் அந்தச் சாக்கை அப்பாவின் தலையிலேயே போட்டிருப்பேன்.

"ஐயோ மாமி, எனக்கு விருப்பம்!" என்றாள் அக்கா. "அப்பா புகைக்குழாயை அடைச்சுப்போட்டார்!"

பெண் பார்க்க வந்த இடத்தில் எந்தப் பெண்ணும் அப்படி வாய் திறந்ததில்லை. அம்மா தலையில் கை வைத்தார். அப்பா போய்ச் சாக்கை இழுத்தார். அடைபட்டிருந்த புகை பிறிட்ஜையும் அவரையும் சேர்த்து மூடியது.

இருமலுக்கும் சிரிப்புக்கும் நடுவில் மாப்பிள்ளையின் தாய் தட்டிலிருந்த சோடாவை எடுத்தார். ஒரு வாய் குடித்ததும் முகம் கொஞ்சம் கோணியது.

"சுடுகுதோ?" என்று கேட்டார் அம்மா.

"சுட்டால் என்ன, மருமேள் தந்தது," என்று மிச்சத்தையும் குடித்து முடித்தார்.