அக்குளில் இடுக்கிய துண்டு

எனக்குச் சிவப்பு நிறம் சரியாகத் தெரியாது. இருண்டு, பழுப்பாகத்தான் தெரியும். தக்காளி வாங்கப் போகும்போதெல்லாம் என் மனைவி ஸ்டெல்லா, "பழமா காயான்னு கடைக்காரரைக் கேளுங்க. வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடாது" என்பாள்.

போன மழைக்காலத்தில் ஒரு மாலை, மர்பி டவுனில் எங்கள் வீட்டில் அவள் வாந்தியெடுத்து மயங்கி விழுந்தாள். என் வெள்ளைத் துண்டால் அவள் வாயைத் துடைத்து, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டரம்மாவைக் கண்டதும் கூச்சத்தில் துண்டைத் தோளிலிருந்து எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டேன்.

"வாந்தி ரெட்டா இருந்துச்சா, காபி டிகாக்ஷன் மாதிரியா? ரெட்டுனா இப்பவும் உள்ள ரத்தம் போகுது. சீக்கிரம் சொல்லுங்க."

பார்த்தவன் நான் ஒருவன்தான். ஸ்டெல்லா கண்மூடிக் கிடந்தாள்.

"நீங்கதானே பார்த்தீங்க?"

"பார்த்தேம்மா. ஆனா எனக்குச் செவப்பு தெரியாது."

டாக்டரம்மா என்னை விசித்திரமாகப் பார்த்தார். பின்னால் காத்திருந்த ஒரு பெண், அக்குளில் கறையோடு நீட்டிக்கொண்டிருந்த என் துண்டைச் சட்டென்று உருவி விரித்தாள். "ஐயோ அண்ணா, கையிலயே வெச்சிருக்கீங்களே! நல்ல செவப்பு, டாக்டர்!"

உடனே ஸ்டெல்லாவை உள்ளே தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

அவள் பிழைத்து வந்துவிட்டாள். துண்டையும் அவளே துவைத்தாள். இப்போதும் அவள் வாந்தியெடுத்தால் ஓடிப்போய்க் குனிந்து பார்க்கிறேன்.

"வெறும் தண்ணிதாங்க, ரத்தமெல்லாம் இல்ல" என்கிறாள்.

அவள் சொல்வதை நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை.