பதினொன்றாம் தட்டில் வந்த கார்

“இறுதிநிலைத் தரப் பரிசோதகர். குறையுள்ள எந்தப் பொருளையும், யாருடைய முகத்துக்காகவும் தயங்காமல், அந்த இடத்திலேயே நிராகரிக்கும் முழு அதிகாரம் உடையவர். உறுதியும், சுயமாக முடிவெடுக்கும் ஆற்றலும் மிக்கவர்.”

பினாங்குத் தீவில், பாயான் பாருவை ஒட்டிய ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் பணி விவரப் படிவம் குணாளனைப் பற்றி மலாய் மொழியில் இப்படித்தான் சொல்கிறது. கீழே அவருடைய கையெழுத்தும் இருக்கிறது. போடச் சொன்னார்கள், போட்டார்.

பொருட்களைப் பொறுத்தவரை படிவம் பொய்யில்லை. இருபத்தாறு ஆண்டுகளாக விரல்நகம் அளவுச் சில்லுகளை விளக்கடியில் வைத்துப் பார்க்கிறார். மயிரிழைக் கீறல் தெரிந்தாலும் சிவப்புக் கூடைதான். சில்லு கோபித்துக்கொள்வதில்லை. மனிதர்கள் என்று வந்துவிட்டால் கதை வேறு. டத்தோ கிராமாட் அடுக்குமாடியில் அவர் வீட்டில் மூன்று தண்ணீர் வடிகட்டிகள் இருக்கின்றன, ஏனென்றால் விற்க வந்தவர்கள் மூன்று பேர். ஒருமுறை முடிவெட்டுபவர், “மீசையையும் எடுத்துரலாமாண்ணே?” என்று கேட்டார். அந்தத் தீபாவளிப் படங்களில் குணாளனை அடையாளம் காண்பது கடினம்.

சென்ற ஆண்டு அவர் வேலை பார்க்கும் பிரிவைத் தீவிலிருந்து கடலுக்கு அப்பால், சிம்பாங் அம்பாட்டுக்கு மாற்றுவதாக நிர்வாகம் அறிவித்தது. வர முடியாதவர்கள் விலகிக்கொள்ளலாம். ஐம்பத்து நான்கு வயதில் விலகிக்கொண்டு எங்கே போவது? அவரிடம் இருந்தது ஒரு மோட்டார் சைக்கிள். மூன்றாண்டுக்கு முன், தீவையும் அக்கரையையும் இணைக்கும் கடல் பாலத்தில் காற்று தள்ளி விழுந்து தோள்பட்டை விலகியதிலிருந்து, மோட்டாரோடு பாலம் ஏறக்கூடாது என்பது மனைவி ரமணியின் சட்டம். ஆகவே ஒரு பழைய கார் வாங்க வேண்டும். மகள் துளசியின் கல்யாணச் செலவை ஒதுக்கியதுபோகக் கையில் இருந்தது பதினாறாயிரம் மலேசிய வெள்ளி. ஒரு கார்தான் வாங்கலாம். அது படுத்துவிட்டால் இன்னொன்று கிடையாது, வேலையும் கிடையாது.

இந்தக் கவலையை அவர் வருங்காலச் சம்பந்தி ராமதாஸிடம் ஒரு நாள் சொல்லிவைத்தார். ராமதாஸ் துறைமுக அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர். அவருடைய மகன் ஷர்வினைத்தான் துளசிக்குப் பேசியிருந்தார்கள்.

நிச்சயதார்த்தம் குணாளன் வீட்டில். மாப்பிள்ளை வீட்டார் வரிசைத் தட்டுகளோடு வந்தார்கள். தட்டுகள் ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும். பதினொன்று கொண்டுவந்தார்கள். லிஃப்டை விட்டு இறங்கும்போது கேக் இருந்த தட்டு யாரோ ஒரு சித்தியின் கையிலிருந்து நழுவி, கேக் தரையோடு போய்விட்டது. மிச்சம் பத்து. வாசலில் மேளம் இல்லாவிட்டாலும் பதற்றம் இருந்தது. ராமதாஸ்தான் சமயோசிதமாகக் காலித் தட்டில் வெற்றிலை வைத்து, குங்குமம் தூவி, தன் சட்டைப் பையிலிருந்து கார் சாவியை எடுத்து நடுவில் வைத்தார்.

“சம்பந்தி கார் தேடறாரு. நம்ம வீட்டுல கார் இருக்கறப்ப அவரு ஏன் வெளியில தேடணும்?” என்று சபைக்கு அறிவித்தார். சபை கைதட்டியது. பத்துத் தட்டுகளை வாங்கியதுபோலவே பதினொன்றாவதையும் குணாளன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

ராமதாஸ் அரை நொடி தட்டை விடாமல் பிடித்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அன்று மாப்பிள்ளை வீட்டில் நான்கு பேர் வாடகைக் காரில் திரும்பினார்கள்.

கீழே நின்ற அந்தக் கார் ஒரு கெனாங்கா. ஐந்து கதவு, சின்ன உடம்பு, கிளிப்பச்சை நிறம். ஒரு காலத்தில் தீவின் ஒவ்வொரு சந்திலும் இரண்டு நின்றிருக்கும். கம்பெனி அதைத் தயாரிப்பதை நிறுத்தி எட்டு ஆண்டாகிறது. இப்போது எங்கேனும் ஒன்று போனால் திரும்பிப் பார்க்கிறார்கள், நோய் தீர்ந்து வந்தவரைப் பார்ப்பதுபோல.

சும்மா வாங்கிக்கொள்ள மனம் ஒப்பாமல் இரண்டு நாள் கழித்துக் குணாளன் ஃபோன் செய்து விலை கேட்டார்.

“பதினாறாயிரம் வெள்ளி,” என்றார் ராமதாஸ். “கூடன்னு தோணினா தயங்காமச் சொல்லிருங்க சம்பந்தி. வெளியில விசாரிச்சும் பாருங்க.”

“ஐயோ, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

“இல்லல்ல, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“யோசிச்சிட்டேன் சம்பந்தி.”

“சரி,” என்றார் ராமதாஸ், தூரத்திலிருந்து பேசுபவர்போல.

விலையை ஒப்புக்கொண்ட பிறகு வண்டியைப் பரிசோதிப்பது என்பது குணாளனுக்கே உரிய வரிசை. ஜெலுத்தோங்கில் பட்டறை வைத்திருக்கும் காஜா மொய்தீன் அவருக்குப் பள்ளித் தோழர். காரைச் சுற்றி வந்தவர் முதலில் மெச்சிக்கொண்டார். பெயின்ட்டில் ஒரு கீறல் இல்லை. அறுபத்தோராயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. சர்வீஸ் புத்தகத்துக்கு அட்டை போட்டு லேபிள் ஒட்டியிருந்தது.

“குணா, பின்சீட்டு பெல்ட்ட இழு. கொஞ்சம் இல்ல, முழுசா.”

குணாளன் இழுத்தார். கடைசி முழத்தில் காய்ந்த சேறு, கோடு போட்டதுபோல நின்றது.

“சோத்துல பூசணிக்காய மறைச்சாலும் மறைக்கலாம்ப்பா, பெல்ட்டுல வெள்ளத்த மறைக்க முடியாது. தண்ணி சீட்டு வரைக்கும் வந்திருக்கு.” சீட்டின் அடியில் டார்ச் அடித்துத் துருவைக் காட்டினார். “வா, மேடு ஏத்திப் பாப்போம்.”

பாயா தெருபோங் ஏற்றத்தில் பாதி தூரம் வண்டி சிரித்த முகத்தோடு ஏறியது. பிறகு, யாரும் எதையும் தொடாமலே, கியர் காட்டும் கண்ணாடியில் ‘என்’ என்ற ஆங்கில எழுத்து, அதாவது நியூட்ரல், வந்தது. எஞ்சின் அலறியது, சக்கரம் கேட்கவில்லை, வண்டி மெல்லப் பின்னால் நகர்ந்தது. பின்னால் வந்த லாரி ஹாரனை அழுத்தியதில் இருவருக்கும் வயது இரண்டு கூடியது.

ஓரங்கட்டியதும் பாய் சொன்னார்: “பாதி ஆட்டோ கியர். அதுக்குன்னு ஒரு எலக்ட்ரானிக் மூளை இருக்கு. புதுசா எங்கயும் கிடைக்காது. போத்தோங் கடையில வெட்டிப் போட்ட வண்டிங்கள்ல தேடணும். அங்க கெனாங்கா வரிசையா நிக்குதுதான், ஆனா எல்லாமே அந்த மூளை போயித்தான் வந்து நிக்குது.”

“ரிப்பேர் பண்ணா?”

“பண்ணலாம். எத்தனை நாளைக்குன்னு அல்லாவுக்குத்தான் தெரியும். பாலத்துக்கு மட்டும் ஏத்திராத. நடுப்பாலத்துல ‘என்’ போட்டுச்சுன்னா நீயும் வண்டியும் பேப்பர்ல வருவீங்க. ஆமா, எவ்வளவு சொல்றான்?”

“பதினாறு.”

பாய் சிரித்தார். குணாளன் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். “அலாமாக், ஒத்துக்கிட்டியா? ஆறுக்கு மேல ஒரு வெள்ளி பெறாதுடா இது. வேணாம்னு சொல்லித் தொலை.”

“சம்பந்தி வண்டி பாய்.”

“அப்ப என்கிட்ட எதுக்குக் கொண்டாந்தே? குருக்கள்கிட்ட கொண்டு போ.”

வீட்டில் ரமணி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள், அது இன்னும் சிரமமாக இருந்தது. துளசி வங்கியில் வேலை பார்ப்பவள், கணக்காகப் பேசுபவள்.

“நான் கட்டிக்கப் போறது ஷர்வினை. அவங்கப்பா காரை இல்லப்பா. நான் அவன்கிட்டச் சொல்லிர்றேன்.”

“நீ சொன்னா, வர்றதுக்கு முன்னாடியே மாமனார் வீட்டுல குத்தம் சொன்ன மருமகள்னு ஆயிரும்.”

“அப்ப நீங்க சொல்லுங்க.”

“சொல்றேன்.”

“எப்ப?”

“ஞாயித்துக்கிழம.”

ஞாயிற்றுக்கிழமை டத்தோ கிராமாட்டிலிருந்து பாயான் பாருவில் ராமதாஸ் வீடு வரை, சமதரையான வழியாகப் பார்த்து ஓட்டிக்கொண்டு, ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்: சம்பந்தி, இந்த வண்டி எனக்கு ஒத்துவராது. காருக்குள் அது அருமையாக வந்தது.

ராமதாஸ் வாசலிலேயே நின்றிருந்தார். “வாங்க சம்பந்தி,” என்று சொன்னது குணாளனிடம், பார்த்தது காரை. பானெட்டின் மேல் கையை வைத்தார். “வெயில்லயா நிறுத்தறீங்க?”

“கூரை இருக்குது சம்பந்தி.”

“பரவால்ல, பரவால்ல.”

உள்ளே உட்கார்ந்ததும் குணாளன் தொடங்கினார். “சம்பந்தி, பின்சீட்டு பெல்ட்டுல கொஞ்சம் மண்ணு…”

ராமதாஸின் முகம் மலர்ந்தது. “பாத்துட்டீங்களா! பெரிய வெள்ளம் வந்துச்சே, அப்ப சீட்டு வரைக்கும் தண்ணி. ஒர்க்‌ஷாப்காரன் தூக்கிப் போடுன்னான். நான் விடல. சீட்டெல்லாம் கழட்டி, நாலு நாள் ஃபேன் வெச்சு நானே காய வெச்சேன். சாவியத் திருப்பினேன் பாருங்க, ஒரே ஸ்டார்ட்டு!”

குற்றப்பத்திரிகையை நற்சான்றாக வாசிப்பவரிடம் என்ன சொல்வது? குணாளன் அடுத்ததை எடுத்தார். “மேட்டுல கியர் ஒரு மாதிரி…”

“‘என்’ வருமே? அது அதோட குணம். ஆஃப் பண்ணிட்டு, பத்து எண்ணி, ஆன் பண்ணணும். கோவிச்சுக்கிட்ட பிள்ளை மாதிரி, கொஞ்சம் விட்டுப் பிடிக்கணும்.”

“பாலத்து நடுவுல பத்து எண்ணறதுன்னா…”

“பாலத்துக்கா?” ராமதாஸ் உண்மையிலேயே திடுக்கிட்டார். “நான் பாலத்துக்கு எடுத்துக்கிட்டுப் போனதே இல்லையே. பசாரு, கோயிலு, அவ்வளவுதான்.”

அப்போது தேநீரோடு வந்த வடிவம்மாள், ராமதாஸின் மனைவி, தட்டை மேசையில் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள்.

“நீங்க ரெண்டு பேரும் இப்படியே பேசிக்கிட்டிருந்தா விடிஞ்ச மாதிரிதான். சம்பந்தி, நான் உள்ளதச் சொல்லிர்றேன். இவரு ஒரு வாரமா சரியாச் சாப்பிடறதில்ல. அன்னைக்கு எண்ணிக்கை குறைஞ்சிருச்சேன்னு ஒரு மரியாதைக்கு வெச்ச சாவி அது. நீங்க ‘ஐயோ, எதுக்கு சம்பந்தி, நீங்களே வெச்சுக்குங்க’ன்னு சொல்லுவீங்க, தட்டும் கணக்குல வந்துரும், சாவியும் வீட்டுக்கு வந்துரும்னு நெனச்சாரு. எல்லாரும் அப்படித்தானே சொல்லுவாங்க?”

“வடிவு!”

“சும்மா இருங்க. பதினாறுன்னு வெல சொன்னதே, சம்பந்தி, நீங்க பயந்து ஓடிருவீங்கன்னுதான். நீங்க அதுக்கும் சரின்னுட்டீங்க.”

ராமதாஸ் சுவரில் மாட்டியிருந்த காலண்டரை ஊன்றிப் படித்தார். குணாளனுக்கு நெஞ்சில் ஒரு கதவு திறந்ததுபோல இருந்தது. தனக்கு வேண்டாத கார், விற்க மனமில்லாத உரிமையாளர். இதைவிடச் சுமுகமான வியாபாரம் உலகத்தில் உண்டா? பையிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். ராமதாஸின் கை தானாகவே நீண்டது.

“அய்யய்யோ, எடுங்க எடுங்க!” என்று கூவியதும் வடிவம்மாள்தான். “நிச்சயத் தட்டுல வாங்கினதப் பொண்ணு வீட்டுக்காரங்க திருப்பிக் கொண்டாந்து வெக்கிறதா? சம்பந்தத்த முறிச்சுக்கறவங்க செய்யற காரியமில்ல அது? எங்க நாத்தனார் அன்னைக்கு எல்லாத் தட்டையும் ஃபோன்ல படம் பிடிச்சு வெச்சிருக்காங்க. கார் திரும்ப இந்த வாசல்ல நின்னுச்சுன்னா சாயங்காலத்துக்குள்ள கல்யாணம் நின்னு போச்சுன்னு ஊருக்கே தெரிஞ்சிரும்.”

நீண்ட கை பாதியில் நின்று, தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு திரும்பியது.

“அப்ப இத ஏன் சொன்னே?” என்றார் ராமதாஸ், மனைவியைப் பார்க்காமல்.

“மனசுல வெச்சிருந்தா நல்லதில்லன்னு சொன்னேன்.”

கொஞ்ச நேரம் மூவரும் தேநீர் குடித்தார்கள். குணாளன் மெதுவாகக் கேட்டார்: “கல்யாணம் முடிஞ்சு, நீங்களே என்கிட்டயிருந்து வாங்கிக்கிட்டா?”

“பொண்ணு வீட்டுல காரு வாங்கினேன்னு பேரு வரும். அதுக்கு நான் செத்துரலாம்,” என்றார் ராமதாஸ். பிறகு குரலைத் தாழ்த்தி, “வெலைய மட்டும் நாம பேசிக்கலாம் சம்பந்தி. அது வாய் தவறிச் சொன்னது. ஆறு குடுங்க, போதும்.”

இங்கே அவர் தப்பித்திருக்கலாம். வழி அகலமாகத்தான் திறந்திருந்தது. ஆனால் பாதி விலைக்கும் கீழே வாங்கினால், மாப்பிள்ளை வீட்டார் முதலில் ஏமாற்றப் பார்த்தார்கள் என்று ஆகும். அது என்றைக்காவது ரமணி வாயிலிருந்து வரும், துளசிதான் அந்த வீட்டில் அதைக் கேட்டுக்கொண்டு இருக்க வேண்டும். இதையெல்லாம் தேநீர் ஆறுவதற்குள் அவர் நினைத்து முடித்தார்.

“சொன்னது சொன்னபடியே இருக்கட்டும் சம்பந்தி,” என்றார்.

ராமதாஸ் மறுத்தார். குணாளன் வற்புறுத்தினார். வாங்குபவர் கூட்டிக் கொடுக்கவும், விற்பவர் குறைத்துக் கேட்கவும் மல்லுக்கு நின்ற ஒரே கார் பேரம் பினாங்கில் அதுவாகத்தான் இருக்கும். வழக்கம்போல ராமதாஸ் தோற்றார், பதினாறாயிரம் வெள்ளியைப் பெற்றுக்கொண்டார்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. குணாளன் காரைத் தன் பெயருக்கு மாற்றி, சாலை வரி கட்டி, அடுக்குமாடியின் கூரை உள்ள இடத்தில் நிறுத்தினார். திங்கள் முதல் சனி வரை, விடியும் முன்பே கிளம்பி, பாலத்தைத் தவிர்த்து, மோட்டார் சைக்கிளை ஃபெரியில் ஏற்றி பட்டர்வொர்த் போய், அங்கிருந்து லாரிகளுக்கு நடுவே சிம்பாங் அம்பாட்டுக்கு ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் காரைப் பாயான் பாருவுக்குக் கொண்டுபோய், ராமதாஸ் அதைக் கழுவித் துடைத்து முடிக்கும் வரை உட்கார்ந்திருந்து, வீட்டுக்குத் திரும்ப ஓட்டி வந்தார்.