அக்கா இல்லாமல் எழுதிய விவாகரத்து

பங்காருபாளையத்தில் அக்காவின் விவாகரத்தைப் பேசி முடித்தபோது ஊர்ப் பெரியவர்கள், எங்கள் அப்பா நைனா, அத்தான், நான் எல்லோரும் இருந்தோம். அக்காவைக் கூப்பிடவே இல்லை. பத்திரத்தில் அவளுக்குப் பதிலாக நைனா கைரேகை வைத்தார். வீட்டிலேயே முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய்ப் படித்த நானும் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு அக்காவுக்கு மறுமணம் பேசினோம். நல்ல வேளையாக, அதற்கு முன் சித்தூரில் ஒரு வக்கீலம்மாவிடம் பத்திரத்தைக் காட்டினேன்.

"இது செல்லாது தம்பி. கோர்ட்டுத் தீர்ப்பு இல்லாம இன்னொரு கல்யாணம் பண்ணா அதுவும் செல்லாது, கேஸும் வரும்."

ஊரில் பெரியவர் ஒருவர் கத்தினார்: "கோர்ட்டுக்குப் போய்க்கினு எங்க மானத்த வாங்குறியாடா?"

"தாலி கட்டறப்ப அவ இருந்தா இல்ல? அத அறுக்கறப்பவும் அவதான் இருக்கணும் பெரியப்பா" என்றேன்.

அக்காவும் அத்தானும் சம்மதித்து கோர்ட்டில் மனுப் போட்டார்கள். மாதங்கள் கழித்து நீதிபதி முன் அக்காவே பேசித் தீர்ப்பு வாங்கினாள். இப்போதெல்லாம் சம்பந்தப்பட்டவர் எதிரில் இல்லாத பத்திரத்தில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

வழக்குக்கு, தான் வேலை பார்க்கும் கம்பெனியின் சம்பளத்திலிருந்து அக்காவே கட்டிய மொத்தச் செலவு முப்பத்தெட்டாயிரம் ரூபாய்.