தை மாதத்துக் கரை

குமரிமுனையிலிருந்து கேரள எல்லையில் உள்ள நீரோடி வரை கரையோரமாகவே நடக்க வேண்டும் என்பது என் திட்டம். ஆனி, ஆடியில் கடலேற்றம். ஐப்பசி, கார்த்திகையில் மழை. பங்குனி, சித்திரையில் வெயில். இப்படி ஒவ்வொன்றாகக் கழித்து, தை மாதம்தான் சரி என்று முடிவு செய்யவே ஐந்து வருடம் போய்விட்டது. என் முழங்கால் இன்னொரு தைக்குத் தாங்காது.

கடியப்பட்டணத்தில் மணல் முடிந்துவிடுகிறது. எதிரே கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கல் குவியல். வள்ளங்களைக்கூட ஊர்ச்சாலையில்தான் ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஏழு எண்ணிவிட்டேன். எட்டாவதன் நிழலில் ஒருவர் வலை பின்னிக்கொண்டிருக்கிறார்.

"கரையில் நடக்க எந்த மாதம் நல்லது?" என்று அவரிடம் கேட்கிறேன்.

"மாசம் கெடக்கட்டு பாட்டா, கர எங்க கெடக்கு?" என்று சிரிக்கிறார்.

"ஆடியில் போன மணல் தையில் திரும்பாதா?"

"முன்னயெல்லாம் கடலே கொண்டாந்து போடும். கல்லு போட்ட பொறவு அதுவும் இல்ல. நாலஞ்சு வருசம் முன்ன வந்திருந்தா சொகமா நடந்திருப்பீரு. அப்ப எங்க போனீரு?"

பேருந்து எங்கே நிற்கும் என்று கேட்கிறேன். வலை ஊசியாலேயே மேட்டுப் பக்கம் காட்டுகிறார். பேருந்தில் ஏற மாதம் பார்க்க வேண்டியதில்லை.