பத்மாவதிக்குக் கிடைத்த பூத்

ஆந்திராவில் உள்ள வடமாலபேட்டையில் சிவசங்கரிக்கும் பத்மாவதிக்கும் ஒரே வருஷத்தில்தான் போலியோ வந்தது. பத்மாவதியைவிட இரண்டு வயது சின்னவளான சிவசங்கரிக்கு இடது கால் மட்டும் போயிற்று. பத்மாவதிக்கு இரண்டும். ஊனமுற்றோர் கோட்டாவில் எஸ்.டி.டி. டெலிபோன் பூத் தருகிறார்கள் என்று தெரிந்ததும் இருவரும் ஒரே நாளில் மனுப் போட்டார்கள். இரண்டையும் எழுதியவள் சிவசங்கரி. ஊருக்கு ஒரு பூத்தான் என்றார்கள். சர்ட்டிபிகேட்டில் ஊனம் எண்பது சதவீதம் என்று இருந்த பத்மாவதிக்கு அது போயிற்று. நாற்பத்தைந்து இருந்த சிவசங்கரி பட்டியலில் அடுத்த பெயராக நின்றாள். தன் நல்ல காலின் மேல் அவளுக்கு ஆத்திரம் வந்தது அன்றைக்குத்தான்.

தெலுங்குப் பள்ளியில் பத்தாவது தேறியவள் அவள். ரேஷன் கார்டா, பென்ஷனா, ஊரே அவளிடம்தான் அர்ஜி எழுதி வாங்கிக்கொண்டு போகும். பத்மாவதியோ தமிழ்ப் பள்ளியில் ஐந்தாவதோடு நின்றவள். அவளுக்கு மெட்ராஸ் ரோட்டின் மேல் மஞ்சள் பூத்! குவைத்துக்குப் போன புருஷன்களோடு பெண்கள் பேச அங்கே வரிசை நிற்கிறது என்று யாராவது சொன்னால் சிவசங்கரிக்குச் சோறு இறங்காது.

பூத்தில் உட்கார்ந்திருப்பவன் பத்மாவதியின் அக்கா புருஷன் முனியப்பன் என்பது அவளுக்குத் தெரியும். பத்மாவதி வீட்டின் பின்பக்க அறையில் கிடந்தாள். அது பத்மாவதிக்கு நடந்த அநியாயமாகச் சிவசங்கரிக்குத் தோன்றவில்லை, தனக்கு வாய்த்த வழியாகவே தோன்றியது. ஊனமுற்றவர் பெயரில் வேறொருவர் பூத் நடத்துகிறார், ரத்து செய்யுங்கள் என்று திருப்பதி டெலிபோன் ஆபீசுக்குத் தெலுங்கில் எழுதினாள். பெயர் போடவில்லை. புத்தூர் வரை பஸ்ஸில் போய்த் தபாலில் சேர்த்தாள்.

மூன்றாவது வாரம் டெலிபோன் ஆபீஸ் ஜீப் வந்தது. உரியவளே உட்கார வேண்டும், பதினைந்து நாளில் எழுத்தில் பதில் தர வேண்டும், தவறினால் பூத் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சிவசங்கரி நாட்களை எண்ணத் தொடங்கினாள்.

பத்தாம் நாள், மூன்று சக்கர வண்டியைக் கையால் சுற்றிக்கொண்டு பத்மாவதியே வாசலில் வந்து நின்றாள். முகத்தில் பவுடர்.

“இன்னாக்கா, இந்த வெயில்ல?”

“பதில் எழுதணுமாம். உன்ன உட்டா எனக்கு யாரு கீறாங்க? சீக்கிரம் எழுது சங்கரி. பூத்துல மாமாவ குந்தவெச்சிட்டு வந்துகீறேன். ஒட்டிக்கினா அப்பறம் எழுப்ப முடியாது.”

“இப்ப நீயா குந்திக்கினு கீற?”

“ஒரு வாரமா! படிய ஒடச்சி பலகை போட்டுக் குடுத்துச்சி மாமா. லாரிக்காரனுங்க மேடம்ன்றானுங்க. எவளோ மொட்டக் கடுதாசி போட்டாளே, மொதல்ல அவள நல்லா திட்டித் தீத்தேன். இப்ப அவ நல்லா இருக்கட்டும்னு கும்புட்டுக்கினு கீறேன்.”

“எவளோன்னு உனக்கு எப்படித் தெரியும்?” என்றாள் சிவசங்கரி.

“ஆம்பளன்னா மாமாகிட்ட நேரா சண்டைக்கு வந்திருப்பானே!”

சிவசங்கரி காகிதத்தை எடுத்தாள். பத்மாவதிக்குத் தெலுங்கு படிக்க வராது. ‘என்னால் பூத்தில் உட்கார இயலவில்லை’ என்று ஒரு வரி போதும். நடுவில் அதை எழுதினாள்.

“படிச்சிக் காட்டு.”

அந்த வரியைத் தாண்டி மற்றதைத் தமிழில் சொன்னாள்.

“நான்தான் குந்திக்கினு கீறேன்னு எழுதலியா? அத நல்லா அழுத்தி எழுதுடி. மறுபடி அந்த ரூமுக்குள்ள என்னால ஆவாது. துட்டெல்லாம் மாமாவே வெச்சிக்கட்டும். மனுஷங்க போறது வர்றது என் கண்ணுல படணும், அவ்ளோதான்.”

சிவசங்கரி பூத் கேட்டதும் அதற்காகத்தான். ஆனால் ஒருவரிடமும் அவள் அதை இப்படி வாய்விட்டுச் சொன்னதில்லை.

“மை கொட்டிக்கிச்சிக்கா,” என்று காகிதத்தைக் கசக்கினாள். வேறொன்றில், நானே தினமும் உட்கார்ந்து நடத்துகிறேன் என்று தனக்குத் தெரிந்த நல்ல தெலுங்கையெல்லாம் போட்டு எழுதிக் கொடுத்தாள். எழுதி முடித்த பிறகும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

மறுநாள் பகலில் பூத்துக்குப் போனாள். பலகைச் சரிவில் தடியை ஊன்றி ஏறினாள்.

“நம்பரு சொல்லு,” என்றாள் பத்மாவதி, முதலாளி தோரணையில்.

“திருப்பதி டெலிபோன் ஆபீசு.”

பத்மாவதியின் விரல் ஒரு கணம் தயங்கிவிட்டு எண்களை அழுத்தியது. சிவசங்கரி தன் பெயரையும் ஊரையும் தெலுங்கில் உரக்கச் சொல்லி, நாற்பத்தைந்து சதவீதக்காரர்களுக்கு எந்த ஊரில், எப்போது பூத் கொடுப்பீர்கள் என்று கேட்டாள். லைனிலேயே இருக்கச் சொன்னார்கள். மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் ரிசீவரை வைக்கவில்லை.