எலிக் கணக்கு

"அசையாதீங்க தாத்தா, அரை நிமிஷம்தான்" என்று பியோ அக்கா ஒரு கையால் பிடரியைப் பிடித்து, மறு கையால் வாலைத் தாங்கி, அந்தக் கிழட்டுச் சுண்டெலியைப் பிளாஸ்டிக் குவளைக்குள் இறக்குகிறார். தராசு முப்பத்திரண்டு கிராம் காட்டுகிறது. போன வாரம் முப்பத்து மூன்று. "ஒரு கிராம் எங்க போச்சு? ஒழுங்கா சாப்பிடறீங்களா, இல்ல பக்கத்து ஆளுக்கு விட்டுக்கொடுத்துட்டுப் பட்டினி கிடக்கறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே மூக்கைப் பார்க்கிறார், காதுமடலைப் பார்க்கிறார், வயிற்றை ஒற்றை விரலால் அழுத்திப் பார்க்கிறார். அதற்குப் பிறகுதான் தாத்தா கூண்டுக்குத் திரும்பலாம்.

இரண்டு வயதைத் தாண்டிய எலிகளுக்கு மட்டுமே இந்த மரியாதை. இளவட்டங்களுக்கு "டேய்"தான்.

பியோ குவிஜாவுக்கு ஐம்பத்தொன்பது வயது. தேஜோன் நகரில் எங்கள் ஆராய்ச்சிக் கூடத்தின் எலிக் கட்டடத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை. மூன்றாவது மாடியில் கிழட்டு எலிகளின் அறை அவர் ராஜ்ஜியம். அங்கே போக வேண்டுமென்றால் குளித்து, உடை மாற்றி, முகமூடி கட்டி, காற்று பீய்ச்சும் இடைவழியில் நின்று வர வேண்டும். யாருக்காவது தொண்டை கரகரத்தால் போதும், "வீட்டுக்குப் போ. ஒரு வாரத்துக்கு இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்காத" என்று விரட்டிவிடுவார். ஒருமுறை எங்கள் இயக்குநரையே விரட்டினார். அவரும் வாயை மூடிக்கொண்டு போனார்.

அக்காவிடம் ஒரு கெட்ட பழக்கம், யாரைப் பார்த்தாலும் எலிக் கணக்குப் போடுவது. நான் வேலைக்குச் சேர்ந்து ஏழெட்டு வருடம் ஆகிறது. இந்த வருடம் என் பிறந்தநாளன்று கேக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "எத்தனை ஆச்சு? நாப்பத்தி நாலா? அப்ப பதினாலு மாசம்" என்றார் வாயில் கேக்கோடு. "எங்க பொட்டைங்க அந்த வயசுல கடையைக் கட்டிடும். உனக்கு இன்னும் கல்யாணமே ஆகல." எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சிரித்துவிட்டேன். அவரிடம் கோபித்துக்கொண்டு இருக்க முடியாது.

என் வேலை இரண்டாவது மாடியில். அக்கா வளர்த்து அனுப்பும் எலிகளின் நெஞ்செலும்புக்குப் பின்னாலிருந்து தைமஸ் என்ற சுரப்பியை எடுத்து, அதிலுள்ள உயிரணுக்களை எண்ணுவேன். நோயை எதிர்த்து நிற்கும் வெள்ளணுக்களில் ஒரு வகை அங்கேதான் பாடம் படித்துத் தேறி வருகிறது. வாலிபம் வந்து பாலியல் ஹார்மோன்கள் ஊறத் தொடங்கியதும் அந்தப் பள்ளிக்கூடம் சுருங்க ஆரம்பிக்கிறது. வயதானால் கொழுப்புதான் மிச்சம். எங்கள் டாக்டர் சொக், கிழட்டு ஆண் எலிகளில் பாதிக்கு விரை நீக்கிவிட்டுப் பார்த்தார். சில வாரங்களில் சுரப்பி மறுபடி வளர்ந்துவிட்டது. அக்காவின் பாஷையில் அவர்கள் "வெட்டுனவங்க", மற்றவர்கள் "வெட்டாதவங்க".

போன சித்திரையில், வெட்டியவர்களில் ஒருவனுடைய சுரப்பி என் தட்டில் இருந்தபோது அக்கா வந்து எட்டிப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று இரண்டு இதழாக இருந்தது.

"இந்த வயசுலயா முளைச்சிருக்கு?"

"ஆமாக்கா. வாலிப எலிக்கு இருக்கற மாதிரியே."

"உள்ள புது சிப்பாய்ங்களும் இருக்காங்களா?"

"நிறைய."

நான் சொன்னது அவ்வளவுதான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் வாயால் இன்னொருவரைக் கெடுத்தேன்.

அக்காவின் கணவர் மேங் தோசிக், அறுபத்தெட்டு வயது, நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருக்குப் புராஸ்டேட்டில் புற்றுநோய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வயிற்றில் ஓர் ஊசி. உடம்பின் ஆண் ஹார்மோனை அது அடியோடு நிறுத்திவிடும். திடீர் திடீரென்று வியர்த்துக்கொட்டும். தொலைக்காட்சித் தொடரில் மாமியார் திட்டினால் கண் கலங்கிவிடுவார். "என்னையும் உன் எலிப் பட்டியல்ல சேர்த்துட்டியாடி?" என்று அவர் கேட்டதை அக்காவே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். அதற்கு இவர் சொன்ன பதில்: "சேர்ந்தா என்னங்க குறைஞ்சு போச்சு? வெட்டுனவங்கதான் எங்க ரூம்ல ஜம்முன்னு இருக்காங்க."

அந்த மனிதரின் அவமானத்தைப் போக்க அது நல்ல பேச்சுத்தான். அக்கா அதோடு நிறுத்தவில்லை. ஐப்பசியில், முதியோருக்கு இலவசக் காய்ச்சல் தடுப்பூசி என்று சுகாதார நிலையத்திலிருந்து அறிவிப்பு வந்தது. ஊசி என்றாலே அவருக்கு ஆகாது. வருடத்துக்கு நாலு ஊசி வயிற்றிலேயே வாங்குகிறேன், இது வேறயா என்று முனகியிருக்கிறார். அக்கா கணக்குப் போட்டார். அறுபத்தெட்டு, அதாவது இரண்டு வருட எலி. வெட்டி, அதாவது அந்த வயிற்று ஊசி தொடங்கி, எட்டு மாதம். "உங்களுக்கு எதுக்கு? உள்ள புது ஆளுங்க பயிற்சி முடிச்சு நிக்கறாங்க" என்று அந்த ஊசியைத் தள்ளிவிட்டார். ஊரில் வேறு எந்த மனைவியும் இப்படி ஒரு காரணத்தால் ஊசியைத் தள்ளியிருக்க மாட்டாள்.

கார்த்திகைக் கடைசியில் நோன்சான் ஊரில் நாத்தனார் வீட்டில் குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போட எல்லாரும் கூடினார்கள். எண்பது முட்டைக்கோஸ், ஒன்பது பேர், மூடிய கூடம். மேங்குக்கு எதிரே உட்கார்ந்து மிளகாய் விழுது தடவிக்கொண்டிருந்த ஒன்றுவிட்ட தம்பி ஓயாமல் இருமினாராம். நாலாம் நாள் மேங்குக்குக் காய்ச்சல். ஏழாம் நாள் நுரையீரலில் சளி கட்டி, மருத்துவமனையில் ஏழாவது மாடி, தீவிர சிகிச்சை.

திங்கட்கிழமை அக்கா டாக்டர் சொக்கின் அறைக்குப் போய்க் கதவருகே நின்றார். நானும் அங்கே இருந்தேன்.

"டாக்டர், எலிக்கு முளைச்சது மனுஷனுக்கு முளைக்காதா?"

சொக் நல்ல மனிதர், ஆனால் பூசி மெழுகத் தெரியாதவர். "கொஞ்சம் முளைக்கலாம்க்கா. ஆனா அது நோயைத் தடுக்கும்னு யாரும் இன்னும் நிரூபிக்கல. எலிக்கே அது நிலைச்சு நிக்கறதில்ல, கொஞ்ச மாசத்துல திரும்பச் சுருங்கிடுது."

"இத்தனை வருஷத்துல வெட்டுனவன் ஒருத்தனுக்குக்கூட சளி புடிச்சதில்லையே?"

"அக்கா, அந்த எலிங்க மேல இதுவரைக்கும் யாரும் இருமினதே இல்லையே. நீங்கதான விடமாட்டேங்கறீங்க?"

அக்கா தலையை ஆட்டினார். மாடிப்படியில் அவரோடு இறங்கினேன். பாதியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "எனக்குப் பயமா இருக்குடி. எலிக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். அவருக்கு என்ன ஆகும்னு தெரியல" என்றார். அன்று தட்டைக் காட்டி "நிறைய" என்று சொன்ன வாய் என்னுடையது. அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன், கேட்கவில்லை.

நோயாளியைப் பார்க்க மதியம் அரை மணி நேரம் மட்டுமே அனுமதி. மீதி நேரம் மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியவில்லை என்று அக்கா இங்கே வந்துவிடுகிறார். எலிக் கட்டடத்துக்குள் அவரே தன்னை அனுமதிக்கவில்லை. "காய்ச்சல்காரர் பக்கத்துல இருந்துட்டு வரேன். தாத்தாங்க கிட்ட போகலாமா?" இத்தனை வருடத்தில் முதல்முறையாக எடைபோடும் வேலையை இன்னொருத்தி செய்கிறாள். அக்கா வாயிலுக்கு வெளியே உள்ள சிறிய அறையில் என்னோடு உட்கார்ந்து, அவள் அனுப்பும் எண்களைப் பார்க்கிறார். "பதினேழாம் நம்பர் முப்பத்தொண்ணா? தராசைத் துடைச்சாளா, கேளு."

இன்று மதியம் டாக்டர்கள் சொல்லி அனுப்பியது இதுதான்: மூச்சு இப்படியே தாக்குப்பிடித்தால் கவலையில்லை. தாக்குப்பிடிக்காவிட்டால் தொண்டையில் குழாய் போட வேண்டும், அதற்குக் குடும்பத்தாரின் சம்மதம் கேட்டுக் கூப்பிடுவோம். இந்த வயதில் குழாய் போட்டவர்களில் எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள் என்று அக்கா கேட்டிருக்கிறார். அவர்கள் எண் எதுவும் சொல்லவில்லையாம். "போன் வரலன்னா நல்ல சேதி" என்று என்னிடம் மூன்று தரம் சொல்லிவிட்டார்.

நாலே காலுக்கு மேசைமேல் போன் அதிர்ந்தது. திரையில் ஏழாவது மாடியின் எண். அக்கா அதை எடுத்தார், பார்த்தார், காதருகே கொண்டுபோகவில்லை. எங்கள் ஊரில் வயதில் பெரியவர்களுக்குத்தான் எதையும் இரண்டு கையால் கொடுப்போம். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், இயக்குநரையே விரட்டியவர், அதிர்ந்துகொண்டிருந்த அந்தப் போனை இரண்டு கையாலும் ஏந்தி, தலை குனிந்து, என்னிடம் நீட்டினார்.